வெள்ளை பூத்த டாங்கி

கேள்வி: 1942 சிலிம் ரிவர் சண்டையில் வந்த ஜப்பானிய டாங்கியை 1/35 அளவில் ஒட்டி முடித்தேன். லேக்கர் மேட் வார்னிஷ் அடித்ததும் வெள்ளை பூத்துவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மழைக்கு முந்திய புழுக்கத்தில் அடித்திருப்பீர்கள். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிகிறது. ஈப்போ பக்கத்து மாலைகளில் இது சகஜம். சுரண்டாதீர்கள். வெயிலடிக்கும் நாளில் ரிடார்டர் கலந்த தின்னரை மெல்லியதாகத் தெளியுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

டாங்கியைவிட எனக்குப் பின்னணிதான் கவலை. ஜனவரி 7 விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் வழியே பாய்ந்தது ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே. தென்னை வேண்டாம், வரிசை தப்பாத பால்மரங்களை நடுங்கள். எதிரே நின்று பார்த்தால் வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே சரிய வேண்டும், அதன் முனையில் பால் பிடிக்கும் மங்கு. பால் வெட்டிய பாட்டி யாராவது பார்த்தால் டாங்கியை விட்டுவிட்டு அதைத்தான் சரிபார்ப்பார்.