மென்பொருள் வானொலியின் இரைச்சலை மதிப்பிடுதல்



மென்பொருள் வானொலியில் பண்பேற்றமும் வடிகட்டலும் கணினி நிரலாலேயே நிகழ்வதால், நிரல் சரியாக இருந்தால் ஆண்டெனாவுக்குச் செல்லும் சமிக்ஞையும் தூய்மையாகவே இருக்கும் என்ற நம்பிக்கை கற்பவர் மனத்தில் எளிதில் இடம்பிடித்துவிடுகிறது. ஆனால் நிரல் தரும் எண்களை மின்னழுத்தமாக மாற்றும் எண்ணிலக்க-ஒப்புமை மாற்றி, வரையறுக்கப்பட்ட படிகளில் மட்டுமே இயங்குவதால், உண்மை மதிப்புக்கும் அதற்கு அருகிலுள்ள படிக்கும் இடையிலான வேறுபாடு ஒவ்வொரு மாதிரியிலும் எஞ்சி, படியாக்க இரைச்சலாகச் சமிக்ஞையுடன் கலந்துவிடுகிறது. முழு வீச்சுள்ள சைன் அலைக்கும் இந்த இரைச்சலுக்கும் உள்ள திறன் விகிதத்தை, பிட் எண்ணிக்கையை 6.02ஆல் பெருக்கி 1.76ஐக் கூட்டி, டெசிபெல் அளவில் பெறலாம். 8 பிட் மாற்றிக்கு இது ஏறத்தாழ 50; 12 பிட் மாற்றிக்கு 74. இவை உச்ச வரம்புகளே. நடைமுறை மாற்றிகள் இவற்றை எட்டுவதில்லை.

நொடிக்கு 1 கோடி மாதிரிகள் என்ற வீதத்தில், இரைச்சல் 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் சீராகப் பரவுகிறது எனக் கொண்டால், 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள தடத்தில் அதன் 800இல் ஒரு பங்கே விழுகிறது. ஆகவே தடத்துக்குள் விகிதம் 29 டெசிபெல் உயர்ந்து 79 ஆகிவிட, அத்தடத்தைக் கேட்பவருக்குக் குறையேதும் புலப்படாது. மீதி 799 பங்கோ அண்டைத் தடங்களில் விழுகிறது. வெளியீட்டின் தரத்தை அண்டைத் தடத்தில் கேட்பவரின் நிலையிலிருந்தும் மதிப்பிட வேண்டும் என்பதே பலரும் தவறவிடும் கருத்தாகும்.

வெளியீடு 10 மில்லிவாட், அதாவது 10 டிபிஎம் எனில், 8 பிட் மாற்றியின் இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸுக்கு −110 டிபிஎம் ஆகும். 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டர் தடையற்ற வெளி ஏறத்தாழ 56 டெசிபெல்லைக் குறைக்க, திசைப்பெருக்கமில்லாத ஆண்டெனாவை இது −166ஆக வந்தடைகிறது. அறை வெப்பத்தின் இயற்கை இரைச்சல் −174 மட்டுமே என்பதால், வலுவற்ற நிலையங்களைத் தேடும் அண்டைப் பயனருக்கு இந்த 8 டெசிபெல் பெருந்தீங்காகும்.

திறனைக் குறைப்பதற்காக நிரலிலேயே எண்களைச் சிறிதாக்குவது இதனினும் கேடானது; சமிக்ஞை 20 டெசிபெல் இறங்கும்போது படியாக்க இரைச்சல் இருந்த இடத்திலேயே நிற்பதால், விகிதமும் 20 குறைகிறது. மாற்றிக்குப் பின்னால் தணிப்பியை வைத்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும்.

அலையியற்றியின் கட்ட நடுக்கமும் பெருக்கியின் வளைவும் படியாக்க இரைச்சலோடு சேர்கின்றன. பெருக்கியில் உள்ளீடு 1 டெசிபெல் ஏறினால் மூன்றாம்படிக் கலப்பு 3 டெசிபெல் ஏறும். இவற்றை டெசிபெல்லாகக் கூட்டாமல் திறனாகவே கூட்ட வேண்டும். 50 டெசிபெல் கீழேயுள்ள இரு சமமான இரைச்சல்கள் சேர்ந்தால் 47 டெசிபெல் கீழே நிற்கும்.

கணக்கிட்டதை அளந்தும் பார்க்க வேண்டும். ஸ்பெக்ட்ரம் அனலைசர் 1 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் காட்டும் இரைச்சல் அளவிலிருந்து 30ஐக் கழித்தால், ஒரு ஹெர்ட்ஸுக்கான மதிப்பு ஏறத்தாழக் கிடைக்கும்; ஆனால் உள்ளீட்டைக் கழற்றிய பின்னும் அதே அளவு நின்றால், அது அளக்கும் கருவியின் சொந்த இரைச்சலே. ஆகவே, இளம் வாசகரே, ஆண்டெனாவை இணைக்கும் முன் தணிப்பியின் வழியே வெளியீட்டை அளந்து, அண்டைத் தடங்கள் அமைதியாக இருப்பதை உறுதிசெய்துகொள்க.