மார்கழியில் கதிர் தள்ளணும்

தங்கச்சி, அடிவாரத்து மண்ணுல கோதுமை வருமான்னு கேட்டியே, வரும் கண்ணு. ஆனா எத்தனை மூட்டை காணும்னு கேக்கறதுக்கு முன்னாடி, எத்தனை நாள் பயிர்னு கேளு.

வெளிநாட்டுக் குளிர்காலக் கோதுமைப் பக்கமே போகாதே. பல வாரம் கடுங்குளிர்ல கிடந்தாத்தான் அது கதிர் தள்ளும். இங்க வெறும் புல்லா நிக்கும். பஞ்சாப் ரகங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனா அங்க 140, 150 நாள் நிக்கிற பயிர் அது. இங்க மணி பிடிக்கிற நேரத்துல மாசி வெயில் வந்து சுருக்கிடும்.

நமக்கு ஏத்தது கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ டபிள்யூ 1. 85–90 நாள்ல அறுப்பு. சூடு தாங்கும், துருநோயும் தாங்கும். அந்த நோய் நீலகிரி, பழனி மலைகள்ல கோடையிலும் உயிரோட இருந்து காத்துல பரவறது, அதனால ரகத்துலயே எதிர்ப்பு இருக்கணும். ஏக்கருக்குச் சராசரி 9 குவிண்டால் போலக் கிடைக்கும். பஞ்சாப்ல இரண்டு மடங்கு எடுக்கறாங்கன்னு யூரியாவைக் கொட்டாதே, பயிர் சாஞ்சிடும்.

ஐப்பசியிலயே விதைச்சிடு. அப்பத்தான் மார்கழியில கதிர் வந்து, தைப் பனியில பால் பிடிக்கும். கார்த்திகை கடைசிக்குத் தள்ளினா மகசூல் போச்சு. ஏக்கருக்கு 40 கிலோ விதை, வரிசைக்கு வரிசை 20 செ.மீ., ஆழம் 5 செ.மீ.க்கு மேல வேண்டாம். ஐப்பசி மழைத்தண்ணி தேங்காம வாய்க்கால் எடுத்து விடு.

விதைச்ச 15–20 நாள்ல விடற தண்ணியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தவற விடாதே. மண்ணுக்குச் சற்றுக் கீழே புது வேர் கிளம்பற நேரம் அது. அப்போ காஞ்சா தூர் கட்டாது, அப்புறம் எவ்வளவு பாய்ச்சினாலும் ஈடாகாது. பூக்கும்போதும் பால் பிடிக்கும்போதும் ஈரம் இருக்கட்டும்.

ரவைக்கு நல்ல விலை கிடைக்குதுன்னு சம்பா கோதுமையில ஆசைப்பட்டா, உமி நீக்கற மில் பக்கத்துல இருக்கான்னு முதல்ல பாரு. கதிரடிச்சாலும் உமி மணியை விடாது.

சுத்துவட்டாரத்துல வேற யாரும் போடாததால குருவி, எலி எல்லாம் உன் வயலுக்குத்தான் வரும். பால் பிடிச்சதும் காவல் போடு.

வருஷா வருஷம் விதை வாங்க வேண்டியதில்லை. தன் மகரந்தத்துல காய்க்கற பயிர். கலப்புச் செடியைப் பிடுங்கிட்டு நல்ல கதிரா எடுத்துக் காய வச்சா சில வருஷம் ஓடும். முதல் விதைக்குச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துல புரட்டாசியிலயே விசாரிச்சு வை.