ஆறாவது ஆள்

சில மாதங்களுக்கு முன் பள்ளிக் கூடைப்பந்து அணியில் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் என் பேரன் குதித்துக்கொண்டு போனான். போட்டி முடிந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "தாத்தா, என்னை பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். ஏழு நிமிஷம்தான் ஆடினேன். இனிமேல் போகமாட்டேன்" என்றான். அவனுக்குச் சொன்ன பாடத்தை நம் சங்கக் குடும்பங்களுக்கும் சொல்லலாமென்று எழுதுகிறேன். கார்வேட்டிநகரத்தில் இருந்துகொண்டு கூடைப்பந்து எதற்கு என்று கேட்காதீர்கள்; பாடம் பந்தைப் பற்றி மட்டும் அல்ல.

முதலில் கணக்கு

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் மைதானத்தை விட்டு வெளியேறியவர் அன்று திரும்பி வர முடியாது. பிறகு ஒருமுறை வரலாம், இருமுறை வரலாம் என்று விதி தளர்ந்து, 1940களில் எத்தனை முறையும் மாற்றலாம் என்றாயிற்று. பெஞ்சுக்கு மதிப்பு வந்தது அதன் பின்தான்.

இன்றைய சர்வதேச விதிப்படி அணியில் 12 பேர். களத்தில் 5 பேர். ஆட்டம் 40 நிமிடம். ஐந்தை நாற்பதால் பெருக்கினால் 200 ஆள்-நிமிடம். முதல் ஐவரும் ஆளுக்கு 8 நிமிடம் மூச்சு வாங்கினால், மற்றவர்கள் ஆட வேண்டியது 40 நிமிடம். அது ஒரு முழு ஆளின் வேலை! அந்த வேலையைச் செய்பவரைத்தான் "ஆறாவது ஆள்" என்கிறார்கள்.

கார்டு யார்?

ரயிலில் கார்டு கடைசிப் பெட்டியில் இருப்பார். (2022 முதல் அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர்.) கூடைப்பந்தில் கார்டு என்பவர் எஞ்சின் டிரைவர் மாதிரி. பந்தைத் தட்டிக்கொண்டு 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். 24 விநாடிக்குள் அணி கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். யாருக்கு எப்போது பந்து என்று தீர்மானிப்பவர் அவரே.

வயதான கார்டுக்குக் கால் வேகம் குறையும். ஆனால் கண்ணும் கணக்கும் கூடியிருக்கும். பெஞ்சில் இருந்தபடியே எதிரணியில் யாருக்கு எத்தனை ஃபவுல், யார் வலக்கையால் மட்டும் பந்து தட்டுகிறார், யார் களைத்துவிட்டார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஐந்து ஃபவுல் ஆனவர் வெளியே போக வேண்டுமல்லவா? நான்கு ஆனவரை நோக்கித்தான் இவர் பந்தைக் கொண்டுபோவார். சின்னப் பையன் பதறி இரண்டு முறை பந்தைத் தவறவிட்டால், இவர் உள்ளே போய் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்து அணியை நிதானப்படுத்துவார். திரும்பி வந்து உட்கார்ந்ததும், தாம் கண்டதை அந்தப் பையன் காதில் சொல்லுவார்.

இரண்டு உதாரணங்கள்

அர்ஜெண்டினாவின் மானு ஜினோபிலி 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். எந்த அணியிலும் முதல் ஐவரில் நிற்கக்கூடியவர். ஆனால் அமெரிக்காவின் சான் அன்டோனியோ அணியில் பயிற்சியாளர் கிரெக் போபோவிச் அவரைப் பெரும்பாலும் பெஞ்சிலிருந்தே இறக்கினார். 1,057 ஆட்டங்களில் அவர் தொடக்கத்திலேயே களம் இறங்கியது 349 மட்டுமே. அந்த அணியுடன் 4 முறை பட்டம் வென்றார். 2008இல் சிறந்த ஆறாவது ஆள் விருது பெற்றார். 41ஆம் வயதில் ஓய்வு பெற்றார்.

நம் பக்கத்து உதாரணம், சென்னையின் அனிதா பால்துரை. தெற்கு ரயில்வே ஊழியர், இவரும் கார்டுதான். பல ஆண்டுகள் இந்திய அணியின் தலைவி. குழந்தை பிறந்த பின்னும் களத்துக்குத் திரும்பி வந்து ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். விட்ட இடத்துக்குத் திரும்பி வருவதும் ஒரு திறமைதான் என்பதற்கு இவரே சாட்சி.

மலையேறும் எஞ்சின்

பேரனுக்கு நான் சொன்ன உவமை இது. கர்ஜத்திலிருந்து லோனாவாலாவுக்குப் போகும் போர்காட் பாதையில் ஏற்றம் 37க்கு 1. அதாவது 37 அடி போனால் ஒரு அடி உயரம். அங்கே ரயிலின் பின்னால் பேங்கர் எஞ்சின்களை இணைத்துத் தள்ளுவார்கள். ஏற்றம் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். பம்பாயிலிருந்து புனே வரை அவை போவதில்லை. பயணிகள் அவற்றின் பெயரையும் கேட்பதில்லை. ஆனால் அவை இல்லாமல் வண்டி மலை ஏறாது. கூப்பிடும்போது தயாராக நிற்பதே அவற்றின் வேலை.

இதைச் சொல்லும்போதே எனக்கும் உறைத்தது. ஓய்வு பெற்ற முதல் வருடம், மகன் நடத்தும் குடும்பத்தில் எல்லாவற்றிலும் குறை கண்டேன். மின்கட்டணம் கட்டுவது முதல் மருமகள் காய்கறி வாங்குவது வரை என் யோசனைதான்! உட்காரத் தெரியாத பழைய கார்டாக இருந்திருக்கிறேன். இப்போது கேட்டால் சொல்கிறேன், கேட்காதபோது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குழந்தைகளுக்குப் பயிற்சி

பெஞ்சில் உட்காரும் குழந்தைகள் ஒரு சிறு நோட்டில் மூன்று விஷயம் எழுதட்டும்: எதிரணியில் யாருக்கு எத்தனை ஃபவுல்? யார் எந்தக் கையால் பந்து தட்டுகிறார்? நம் அணியில் யார் களைத்திருக்கிறார்? என் பேரன் மறுபடியும் பயிற்சிக்குப் போகிறான். நோட்டில் இதுவரை நாலு பக்கம் நிரம்பியிருக்கிறது.