டீக்கடைக் கணக்கும் ஆய்வுக் கணக்கும்

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறித் திருச்சுழி போவதற்குள் எந்த ஊரில் இறங்கி டீ குடித்தாலும் இந்தப் பேச்சுகளில் ஒன்று காதில் விழும். மாமன் மகளைக் கட்டலாமா, புத்தி பேதலித்த பிள்ளையை எந்தக் கோயிலுக்குக் கூட்டிப் போகலாம், பையனுக்கு ஏன் படிப்பு ஏறவில்லை. கரிசல் காட்டில் வெயில் தின்றவர் ஒன்று சொல்வார். டவுனில் படித்துவிட்டு வந்தவர் அதற்கு நேர்மாறாகச் சொல்வார். இதையெல்லாம் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும், பெரும்பாலும் பொதுப்பணத்தில், பார்த்து எழுதி வைத்திருக்கின்றன. எடுத்துப் படித்தால் இரண்டு பேர் கணக்கும் உதைக்கிறது.

நம்பிக்கை 1: சொந்தத்தில் கட்டினால் ஒன்றும் ஆகாது. / சொந்தத்தில் கட்டினாலே ஊனப் பிள்ளைதான்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 28 பேர் உறவுக்குள் கட்டியவர்கள். இந்திய அளவில் இது 11 அளவுதான். ஆகவே இது நம் வீட்டுக் கேள்வி.

உறவில்லாத தம்பதிகளுக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் இரண்டு, மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக் குறை இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் கட்டிக்கொண்டால் அதோடு இன்னும் இரண்டு, மூன்று சேரும். அதாவது நூற்றில் 94, 95 குழந்தைகளுக்கு அந்தக் குறை இல்லை. "எங்க வீட்டில் மூணு தலைமுறையா கட்டுறோம், எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்று தாத்தா சொல்வது பொய்யல்ல. ஒரு வீட்டை வைத்து நூறு வீட்டுக்குக் கணக்குச் சொல்வதுதான் தப்பு. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டும்போது இரத்த நெருக்கம் இரண்டு மடங்கு. அங்கே ஆபத்தும் கூடும். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிறவி நோய் இருந்தால் இந்தச் சராசரி எதுவும் பொருந்தாது. மரபணு ஆலோசனை கேட்டே ஆகவேண்டும்.

டவுன்காரருக்கும் ஒரு செய்தி இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் 2017-ல் தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். அவற்றில் 81 குழுக்கள், மிகச் சில முன்னோர்களிடமிருந்து பெருகி, தமக்குள்ளேயே கட்டிவந்தவை; இப்படிக் குறுகிய வேருக்குப் பெயர்போன பின்லாந்து மக்களைவிடவும் குறுகிய வேர். "சொந்தம் வேண்டாம், நம்ம சாதியிலேயே அந்நியத்தில் பார்ப்போம்" என்பதால் மட்டும் தப்பிவிட முடியாது என்று இதற்கு அர்த்தம். வைசியர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சையில் கொடுக்கும் ஒருவகைத் தசைத்தளர்வு மருந்து சீக்கிரம் கரையாமல் மூச்சுத் திணறும். அதன் காரணம் இத்தகைய வேர்தான். முன்கூட்டித் தெரிந்தால் மருந்தை மாற்றிவிடலாம்.

நம்பிக்கை 2: உழைக்கிற உடம்புக்கு இருதய நோய் வராது. / மரபணுவில் இருந்தால் வந்தே தீரும்.

2009-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணியும் அவருடன் உழைத்தவர்களும் இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இதயத் தசை நோயோடு தொடர்புடையது என்று காட்டினார்கள். தெற்காசியாவில் நூற்றுக்கு நான்கு பேர் அளவுக்கு இந்த விடுபாடு இருக்கிறது. களை வெட்டுகிறவருக்கும் இருக்கலாம், கணக்குப்பிள்ளைக்கும் இருக்கலாம். அதேசமயம், அது இருக்கும் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. கூடவே வேறொரு மாற்றமும் சேர்ந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டில் சின்ன வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யாராவது செத்திருந்தால், மற்றவர்கள் இருதயத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை 3: மனநோய்க்குக் கோயில்தான் மருந்து. / கோயிலுக்குப் போவதே மூடத்தனம்.

நமக்குப் பக்கத்து மாவட்டத்தில், ஏர்வாடி தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு காப்பகத்தில், 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதை மறந்துவிட்டுக் கோயிலைப் பற்றிப் பேசக்கூடாது.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவர் ரகுராமும் உடன் ஆய்ந்தவர்களும் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரைக் கவனித்து, 2002-ல் வெளியிட்ட கட்டுரை வேறு கதை சொல்கிறது. பெரும்பாலோருக்குக் கடுமையான மனச்சிதைவு. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து இல்லை, வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருந்தார், கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரிச் சின்ன வேலைகள். நோயின் அறிகுறிகளை அளக்கும் மதிப்பெண் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

இதைக் கோயிலே மருத்துவம் என்று படிக்கக்கூடாது. 31 பேர் சின்ன எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. ஆனால் யாரும் விரட்டாத இடம், கூட ஒரு ஆள், கையில் ஒரு வேலை, இவையும் நோயாளிக்குத் துணை நிற்கின்றன என்பது தெரிகிறது. கும்பிடப் போகிறவர் மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. சங்கிலி போடுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், செலவில்லை.

நம்பிக்கை 4: கொரோனாவில் போன படிப்பு போனதுதான். / பள்ளி திறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைக் கொரோனாவுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். 2021 டிசம்பரில், முன்பு அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். தமிழைவிடக் கணக்கில் சறுக்கல் இரண்டு மடங்குக்கும் மேல். அடுத்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, தெருவில் தன்னார்வலர் அக்காமார் நடத்திய 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்பால் வந்தது. பிள்ளைகள் மண்டையில் கோளாறு இல்லை. சொல்லிக் கொடுக்க ஆள் வந்ததும் பிடித்துக்கொண்டார்கள். மீதி மூன்றில் ஒரு பங்கு அதற்குள் வரவில்லை.

நம்பிக்கை 5: ரத்தம் எடுத்துக்கொண்டு போய் விற்கிறார்கள். / ஆய்வென்றால் கேள்வி கேட்காமல் கை நீட்டவேண்டும்.

மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-ல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தில் 20 நிறுவனங்கள் சேர்ந்து பத்தாயிரம் பேரின் ரத்தத்திலிருந்து மரபணுத் தொகுதியைப் படித்தன. தரவுகள் ஃபரிதாபாத்தில் உள்ள அரசு மையத்தில் இருக்கின்றன. எந்த ஆய்வானாலும், புரிகிற மொழியில் சொல்லி ஒப்புதல் வாங்கவேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை.

ஆனால் சந்தேகப்படுகிறவரின் மனக்குறையிலும் நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன முடிவுகள் எல்லாம் ஆங்கிலக் கட்டுரைகளாக வெளிவந்தவை. மதுரையில் கண்டுபிடித்தது வெளிநாட்டுச் சஞ்சிகை வழியாக உலகம் சுற்றுகிறது. ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருக்கிற திருச்சுழிக்கு வரவில்லை. வராத இடத்தைத்தான் டீக்கடைப் பேச்சு நிரப்புகிறது.

அடுத்த முறை ஊசியோடோ கேள்வித்தாளோடோ யாராவது வீட்டு வாசலில் நின்றால், முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். எதைப் பார்க்கப் போகிறீர்கள்? வேண்டாமென்றால் என் பெயரை எடுத்துவிடுவீர்களா? முடிவு வந்ததும், வரவு செலவு வாசிக்கிற எங்கள் கிராம சபையில் வந்து தமிழில் வாசிப்பீர்களா? முதல் இரண்டுக்கும் பதில் அச்சடித்த ஒப்புதல் தாளிலேயே இருக்கும். மூன்றாவதுக்கு வாயால்தான் சொல்லவேண்டும். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு கையை நீட்டுங்கள்.