க்ரிப் சூடாகலாம், வயர் சூடாகக் கூடாது

மார்கழி, தை மாதங்களில் விடியுமுன் ஊட்டி மலையேறுகிறவர்களுக்கும், லடாக் கணவாய்களைத் தாண்டப் போகிறவர்களுக்கும் ஹீட்டட் க்ரிப் ஆடம்பரம் இல்லை. விரல் மரத்துப்போன கைக்கு பிரேக் லீவரும் கிளட்சும் எட்டுவது தாமதமாகும். வளைவில் அந்தத் தாமதமே போதும் விழுவதற்கு. அதனால் வாங்கலாமா வேண்டாமா என்று நான் வாதாடப் போவதில்லை. எந்த க்ரிப், எத்தனை நிலை வெப்பம், என்ன விலை என்று நாள்கணக்கில் அலசுகிறவர்கள், வயரிங் என்று வரும்போது மட்டும் கடையில் இருக்கும் பையனிடம் “மாட்டிக் கொடுத்துடுப்பா” என்று சொல்லி டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். என் வாதம் இதுதான்: பைக்கில் கூடுதலாக மாட்டும் மின்சாதனங்களில் பெரும்பாலும் பழுதாவது சாதனம் அல்ல, அதற்குப் போகும் வழி. ஆகவே காசைச் செலவழிக்கும் வரிசையில் தனி வயரிங் முதலில் வரவேண்டும், சாதனம் பிறகு.

வழியைப் பற்றிப் பேசுமுன் வரவைப் பார்க்க வேண்டும். பைக்கில் மின்சாரம் தயாரிப்பது ஸ்டேட்டர் காயில். பேட்டரி வெறும் சேமிப்பு. காயில் எத்தனை வாட் தரும் என்று சர்வீஸ் மேனுவலில் போட்டிருக்கும் எண், எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றும்போது கிடைப்பது. ஐடிலில் அதில் ஒரு பங்குதான் வரும். இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்வரை ஹெட்லைட்டை அணைக்க முடியாது. அது பழைய எச்எஸ்1 பல்பாக இருந்தால் 35 வாட் எப்போதும் போய்க்கொண்டிருக்கும். ஃப்யூவல் பம்ப், ஈசியு, இக்னிஷன் செலவு தனி. இதற்கு மேல் ஒரு ஜோடி ஹீட்டட் க்ரிப் முழு வெப்பத்தில் ஏறத்தாழ 4 ஆம்பியர், அதாவது 50 வாட் கேட்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டே க்ரிப், ஃபாக் லைட், போன் சார்ஜர் மூன்றையும் ஓட்டினால், சின்ன வண்டிகளில் பற்றாக்குறையை பேட்டரிதான் ஈடுகட்டும். இதற்குக் காகிதக் கணக்கைவிட மல்டிமீட்டர் நம்பகமானது. வண்டி ஓடும் வேகத்துக்கு எஞ்சினை முறுக்கிப் பிடித்தால் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வருவது வழக்கம். எல்லாவற்றையும் போட்ட நிலையில், அதே வேகத்திலும் 12.8-க்குக் கீழே நின்றால், பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கிறது. அந்த வண்டிக்கு இன்னொரு சாதனம் தாங்காது.

வரவு போதும் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து எல்லோரும் செய்வது, ஹெட்லைட் வயரையோ ஹார்ன் வயரையோ சீவி, அதிலிருந்து ஒரு கிளை எடுப்பது. சாவியைத் திருப்பினால் வேலை செய்கிறது, பத்து நிமிடத்தில் முடிகிறது, பார்க்கவும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் கம்பெனி வயரிங் கிட்டில் ஒவ்வொரு வயரின் தடிமனும் அது சுமக்கும் லோடுக்கு ஏற்ப அளந்து போடப்பட்டது. ஜீரோ வாட் பல்புக்கு இழுத்த லைனில் யாரும் ஏசி மாட்டுவதில்லை; பைக்கில் மட்டும் அதைத் தயங்காமல் செய்கிறோம். வயர் சூடாவதைவிட மோசமான விளைவு ஒன்றும் உண்டு. பல வண்டிகளில் ஒரே ஃப்யூஸ் நாலைந்து வேலைகளைப் பார்க்கிறது. க்ரிப் வயர் எங்கோ உரசி ஷார்ட் ஆனால், போவது க்ரிப் மட்டுமல்ல. அதோடு ஹெட்லைட்டும், சில வண்டிகளில் இக்னிஷனும் போகும். இரவில், மலையில், பின்னால் பஸ் வரும்போது.

தனிப் பாதை என்பது பெரிய வித்தை இல்லை. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு வயர். அது கிளம்பி ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் ஃப்யூஸ். அங்கிருந்து நாலு கால் ரிலேயின் 30-ஆம் முனை. 87-ஆம் முனையிலிருந்து ஒரு சின்ன ஃப்யூஸ் பாக்ஸ்; அதிலிருந்து ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனி ஃப்யூஸ், தனித்தனி வயர். ரிலேயை இயக்க, சாவி போட்டால் உயிர்பெறும் டெயில் லைட் வயரிலிருந்து 86-க்கு ஒரு சிக்னல், 85-க்கு எர்த். ரிலே காயில் இழுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு என்பதால் டெயில் லைட் வயருக்குச் சுமை தெரியாது. கம்பெனி வயரிங்கைத் தொடுவது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான். எர்த்தையும் பெயின்ட் அடித்த சேஸிஸில் எங்காவது திருகிவிடாமல் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோவது நல்லது. ஃப்யூஸ் காப்பாற்றுவது சாதனத்தை அல்ல, வயரை. எனவே அதன் அளவு லோடுக்குச் சற்று மேலேயும் வயர் தாங்கும் அளவுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். 4 ஆம்பியர் க்ரிப்புக்கு 7.5 ஆம்பியர் ஃப்யூஸும் 1 சதுர மில்லிமீட்டர் வயரும் போதும். அடிக்கடி போகிறதே என்று 20 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டால், அடுத்த முறை உருகுவது வயராக இருக்கும்.

இந்த ஏற்பாட்டிலும் பலவீனமான இடம் ஜாயின்ட். வயரைப் பல்லால் சீவி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றுவது நம் ஊர் வழக்கம். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை இளகி வழியும், மழைத்தண்ணீர் இறங்கும், செம்பு பச்சை பூக்கும், அதிர்வில் முறுக்கு தளரும். அப்படித் தளர்ந்த ஜாயின்ட்டில் வெறும் அரை ஓம் தடை ஏறியதாக வைத்துக் கணக்கிடுவோம். 4 ஆம்பியர் இழுத்த க்ரிப் இப்போது 3.5 ஆம்பியர்தான் இழுக்கும். ஜாயின்ட்டில் மட்டும் சுமார் 1.7 வோல்ட் தொலையும். கைக்குப் போகவேண்டியதில் 6 வாட் அந்த நகக்கண் அளவு இடத்தில் சூடாகும். க்ரிப் சரியாகச் சூடாகவில்லை, மட்டமான பொருள் என்று பழி சுமத்தும் பலர் உண்மையில் சூடாக்கிக்கொண்டிருப்பது டேங்குக்கு அடியில் இருக்கும் ஜாயின்ட்டை. நல்ல கிரிம்பிங் பிளையர், சரியான அளவு லக், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் என மூன்றும் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் சாதாரணமாகக் கிடைப்பவை. சால்டரிங் தெரிந்தவர்கள் வைக்கலாம். ஆனால் ஈயம் ஏறிய வயர் விறைத்து, அதிர்வில் அந்த விளிம்பிலேயே முறியும் என்பதால், ஆடாமல் பக்கத்திலேயே கட்ட வேண்டும்.

ஹேண்டில்பார் பக்கம் இன்னொரு கவனம் வேண்டும். வலது க்ரிப் ஆக்ஸிலரேட்டரோடு சுழல்வது. அதன் வயருக்குத் தளர்வு இல்லாவிட்டால் ஆக்ஸிலரேட்டர் திரும்பாமல் நின்றுவிடும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒவ்வொரு நிலையிலும் முறுக்கி விட்டுப் பாருங்கள். கை எடுத்ததும் தானாகவே முழுசாகத் திரும்ப வேண்டும். பிறகு எஞ்சினை ஐடிலில் விட்டு மீண்டும் ஒடித்துப் பாருங்கள். சத்தம் ஏறக் கூடாது. இது தேறாத வண்டியைத் தெருமுனை வரைகூட ஓட்டக் கூடாது.

இவ்வளவு எதற்கு, க்ரிப்பிலேயே ஸ்விட்ச் இருக்கிறதே, நேராக பேட்டரியில் கொடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். வோல்டேஜ் குறைந்தால் தானே அணையும் கன்ட்ரோலர் உள்ள க்ரிப்களில் அது செல்லும். மற்றவற்றில் மறதிதான் எதிரி. 8 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 4 ஆம்பியர் க்ரிப்பை அணைக்காமல் சாப்பிடப் போனால், இரண்டு மணி நேரத்துக்குள் பேட்டரி படுத்துவிடும். ரிலே இருந்தால் சாவியை எடுத்ததும் எல்லாம் அணையும். “எங்க மெக்கானிக் இருபது வருஷமா முறுக்கித்தான் கொடுக்கிறார்” என்பது அடுத்த பதில். அவர் முறுக்கியது பெரும்பாலும் ஹார்னும் இண்டிகேட்டரும். அவை சில விநாடிகள் இயங்கி ஓய்பவை. க்ரிப் மணிக்கணக்கில் தொடர்ந்து இழுக்கும், அந்த அனுபவம் இதற்குப் பொருந்தாது. வாரன்டி போய்விடுமே என்ற பயம் நியாயமானது. கம்பெனி வயரை வெட்டாத தனிப் பாதைதான் அதற்கும் பாதுகாப்பு, தேவைப்பட்டால் தடம் தெரியாமல் கழற்றியும்விடலாம். ஃப்யூஸுக்குப் பதில் கன்ட்ரோல் யூனிட்டே மின்னோட்டத்தைக் கண்காணிக்கும் விலையுயர்ந்த வண்டிகளில், அந்த ஒற்றைச் சிக்னலைக்கூட கம்பெனி தந்திருக்கும் ஆக்ஸசரி முனையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

க்ளவுஸ் போதாதா என்ற கேள்விக்கு மட்டும் பாதி சம்மதம். காற்றைத் தடுக்கும் ஹேண்ட் கார்டு மின்சாரமே கேட்பதில்லை; அது இருந்தால் க்ரிப்பை அரை வெப்பத்தில் ஓட்டினாலே போதுமானதாக இருக்கும், காயிலுக்கும் சுமை குறையும். ஆகவே வரிசை இப்படி: முதலில் ஹேண்ட் கார்டு, அடுத்து மீட்டரைப் பார்த்து வரவுக் கணக்கு, அதன்பின் ரிலேயும் ஃப்யூஸ் பாக்ஸும், கடைசியில் க்ரிப். கையில் இருக்கும் பணத்துக்கு நல்ல க்ரிப்பும் மோசமான வயரிங்கும், அல்லது சுமாரான க்ரிப்பும் நல்ல வயரிங்கும்தான் கிடைக்கும் என்றால், இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். சுமாரான க்ரிப்பை அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். நடுமலையில் எரிந்த வயரிங் கிட்டை மாற்ற அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.