நடந்து கற்கும் புத்தாக்க மேலாண்மை

முன்னுரை

புதியதொன்றைக் கண்டறிதல் வேறு. கண்டறிந்ததைப் பலருக்கும் பயன்படுமாறு நடைமுறைக்குக் கொண்டுவருதல் வேறு. முன்னதைக் கண்டுபிடிப்பு என்றும் பின்னதைப் புத்தாக்கம் என்றும் பொருளியலார் பிரித்துரைப்பர். ஆஸ்திரியப் பொருளியலறிஞர் ஜோசப் சும்பீட்டர், உள்ளவற்றைப் புதிய முறையில் இணைத்தலே பொருளாதார வளர்ச்சியின் ஊற்று என 1911ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். அத்தகைய இணைப்பைத் தேடுதல், தேர்தல், செயலாக்குதல், பயனைப் பங்கிடுதல் ஆகிய நான்கும் சேர்ந்ததே புத்தாக்க மேலாண்மை.

இக்கலை பெரும்பாலும் வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள்ளேயே கற்பிக்கப்பெறுகிறது. காட்டிலும் குன்றிலும் வழியறிந்தார் ஒருவரோடு நடந்து இதனைக் கற்க இயலுமா என்பதே நம் வினா. இயலும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. அவற்றை ஆராய்ந்து, செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட வல்லம் வட்டாரத்திற்கு ஏற்றதொரு பயிற்சி முறையை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆற்றுப்படை காட்டும் நெறி

வழிகாட்டியோடு நடந்து பயன்பெறுதல் தமிழர்க்குப் புதிதன்று. பரிசில் பெற்றவர் பெறாதவரை ஆற்றுப்படுத்தும் இலக்கிய வகையே நம்மிடம் உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. அந்நூல் கூறும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாகும். மலைபடுகடாமோ, அண்டைப் பகுதியாகிய செங்கத்தை ஆண்ட நன்னனிடம் செல்லும் மலைவழியை விரித்துரைக்கின்றது. வழுக்கும் பாறை, பாம்பு உறையும் இடம், பன்றிக்கு வைத்த பொறி, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் என இடர்கள் அனைத்தையும் முன்னரே உணர்த்துகின்றது. எவ்விடத்தில் எச்சரிக்கை வேண்டும், எவ்விடத்தில் உதவி கிட்டும் என்று அறிந்து பிறரை வழிநடத்தும் இவ்வாற்றலை இன்றைய மேலாண்மை நூலாரும் போற்றுவர்.

அறிவு தேடிப் பயணம் செய்தலை இசுலாமியக் கல்வி மரபும் 'ரிஹ்லா' என்னும் பெயரால் சிறப்பித்தது. 1325ஆம் ஆண்டு தாஞ்சியர் நகரினின்று புறப்பட்ட இப்னு பதூதாவின் நெடும்பயணம் உலகறிந்தது. ஆக, நடையும் கல்வியும் பண்டுதொட்டே உறவுடையன.

ஷோத் யாத்திரை

இம்மரபினை மேலாண்மைக் கல்வியோடு இணைத்தவர் அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனத்தின் பேராசிரியராக விளங்கிய அனில் குப்தா ஆவார். உழவர்களிடம் அறிவைத் திரட்டி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவோர், அவ்வுழவர்க்கு அவர்தம் மொழியில் எதனையும் திருப்பித் தருவதில்லை என்னும் உறுத்தல் அவர் உள்ளத்தில் எழுந்தது. அதன் விளைவாக 1980களின் இறுதியில் 'தேனீ வலையமைப்பு' தோன்றியது. தேனீ பூவிலிருந்து தேனை எடுக்கின்றது. எனினும் பூ வறுமையடைவதில்லை. அன்றியும் ஒரு பூவின் மகரந்தம் மறு பூவைச் சேர்கின்றது. அறிவைத் திரட்டுவோரும் அவ்வாறே ஒழுகுதல் வேண்டும் என்பது இப்பெயரின் உட்பொருள். மதுரையிலுள்ள சேவா நிறுவனம் வெளியிட்ட 'நம்வழி வேளாண்மை' இவ்வலையமைப்பின் தமிழ் இதழாகும்.

1998ஆம் ஆண்டில் குசராத்தில் 'ஷோத் யாத்திரை' தொடங்கப்பெற்றது. ஆய்வுப் பயணம் என்பது இதன் பொருள். ஒரு வாரத்துக்கும் மேலாக ஊர்விட்டு ஊர் நடப்பர். வெப்பம் மிகுந்த நிலத்துக்குக் கோடையிலும், குளிர் மிகுந்த நிலத்துக்குக் குளிர்காலத்திலும் செல்வது இதன் வழக்கம். மக்கள் படும் இடரை உடலால் உணர்ந்தாலன்றி அவர்தம் தீர்வின் அருமை விளங்காது. மாலையில் ஊர்மன்றில் கூடிப் பிற ஊர்களில் கண்ட புதுக்கருவிகளைப் பற்றிக் கூறுவர். செடிகொடிகளை மிகுதியாக அறிந்த சிறுவர்க்கும், மறைந்துவரும் உணவு வகைகளைச் சமைத்துக் காட்டும் மகளிர்க்கும் போட்டி வைத்துப் பரிசளிப்பர். நடப்போர்க்கு ஆசிரியர் நால்வர்: தம் உள்ளம், உடன் வருவோர், இயற்கை, பொதுமக்கள். அகமதாபாத் நிறுவன மாணவர்க்கு இதுவே ஒரு விருப்பப் பாடமாகவும் அமைந்து, அவர்களை இமயமலைச் சிற்றூர்களுக்கு அழைத்துச் சென்றது. இம்முயற்சிகளின் தொடர்ச்சியாக 2000ஆம் ஆண்டில் தேசியப் புத்தாக்க நிறுவனம் உருவாயிற்று.

பொதிகைச் சாரல் தந்த பாடம்

1987ஆம் ஆண்டு அறிவியலார் குழு ஒன்று அகத்தியர் மலையின் கேரளப் பகுதியில் காணிப் பழங்குடியினரை வழிகாட்டிகளாகக் கொண்டு நடந்தது. அறிவியலார் களைத்தனர், வழிகாட்டிகளோ ஒரு செடியின் காயை அவ்வப்போது தின்று சோர்வின்றி நடந்தனர். அதுபற்றி வினவியபோது, அது தம் குலத்தின் மறைபொருள் என்று அவர்கள் முதலில் தயங்கினர். பின்னரே அச்செடியைக் காட்டினர். 'ஆரோக்கியப்பச்சை' எனப்படும் அதனை ஆராய்ந்து திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா உருவாக்கிய மருந்தே 'ஜீவனி'. 1995ஆம் ஆண்டில் கோவை ஆரிய வைத்திய நிறுவனத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய்க் கட்டணத்துக்கும், விற்பனையில் நூற்றுக்கு இரண்டு விழுக்காட்டு உரிமத்தொகைக்கும் அதன் தயாரிப்பு உரிமை அளிக்கப்பெற்றது. கிடைத்த வருவாயில் பாதி காணி மக்களுக்கு என முடிவாயிற்று. அதன் பொருட்டு 1997ஆம் ஆண்டில் அறக்கட்டளையும் அமைந்தது.

எதிர்பாரா நிகழ்ச்சியே புத்தாக்கத்தின் முதல் ஊற்று என மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் 1985ஆம் ஆண்டில் எழுதினார். அதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது. அறையில் அமர்ந்திருந்தால் அக்காயைக் கண்டிருக்க இயலாது. களைப்பே கண்ணைத் திறந்தது.

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. செடியைக் காட்டில் பயிரிட வனத்துறையின் விதிகள் இடையூறாயின. எங்களைக் கேளாமலே முடிவெடுத்தீர் எனக் காணி மக்களுள் ஒரு சாரார் குறைகூறினர். நடை, தேடலை மட்டுமே கற்பிக்கும். இசைவு, சட்டம், மூலப்பொருள், பங்கீடு ஆகியவற்றையும் சேர்த்துக் கற்றாலன்றி மேலாண்மைப் பாடம் நிறைவுறாது.

நம் வட்டாரச் சான்றுகள்

திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் வாழும் இருளர் மக்கள் பாம்பின் தடத்தை மண்ணிலேயே படித்தறியும் ஆற்றல் மிக்கவர். பாம்புத்தோல் வணிகம் ஒரு காலத்தில் இம்மக்கள் பலர்க்கு வாழ்வளித்தது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், அதனைத் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை முடித்து வைத்தன. 1978ஆம் ஆண்டில் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. பாம்பைக் கொல்லாது பிடித்து, நஞ்சினை எடுத்து, மீண்டும் காட்டில் விடுவது அதன் முறை. அந்நஞ்சு நஞ்சுமுறிவு மருந்து ஆகி உயிர் காக்கின்றது. திறன் பழையது, பயன் புதியது. சும்பீட்டர் கூறிய புது இணைப்பு இதுவேயன்றோ! இம்மக்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர் 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சதுப்புக் காடுகளுக்கு அழைக்கப்பெற்று, அங்குள்ளோர் காணத் தவறிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினர். 2023ஆம் ஆண்டில் இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

மற்றொரு சான்று நம் வயல்களில் விளையும் மணிலா. 1940ஆம் ஆண்டு வெளியிடப்பெற்று நாடெங்கும் பரவிய டி.எம்.வி. 2 என்னும் இரகம், குடியாத்தம் கொத்து வகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்றது. 'டி.எம்.வி.' என்பது திண்டிவனத்தையே குறிக்கும். ஆய்வு நிலையத்தின் ஊர்ப்பெயர் இரகத்தில் நிலைத்தது. அவ்வகையைத் தலைமுறையாகக் காத்த உழவர் பெயரை யாரும் அறியார். பெயர் எழுதப்படாதவர்க்குப் பங்கும் கிடைப்பதில்லை என்பதை மாணவர் இங்கு உணர்தல் வேண்டும்.

வல்லத்தில் ஒரு பயிற்சி

இக்கருத்துகளை அடியொற்றி மூன்று நாள் நடைப் பயிற்சி ஒன்றை முன்மொழிகின்றோம். முதல் நாள் வல்லத்துச் சுற்றுப்புற ஏரிகளின் கரை, மதகு, கலிங்கல் ஆகியவற்றைப் பாசனம் அறிந்த முதியவரோடு காணுதல். இரண்டாம் நாள் செஞ்சிக் கோட்டை. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மராட்டியப் படைத்துறை நிலத்தோற்றங்களுள் ஒன்றாக யுனெசுகோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இக்கோட்டையில், பாறைச் சுனைகளையும், கலியாண மகாலுக்குச் சுடுமண் குழாய்வழி நீர் கொணர்ந்த ஏற்பாட்டையும், சாதத்துல்லா கான் பள்ளிவாசலையும் கண்டு, ஒவ்வோர் ஆட்சியும் முன்னவர் விட்டுச் சென்றதன்மேல் எதனைச் சேர்த்தது என ஆராய்தல். மூன்றாம் நாள், வனத்துறையின் இசைவு பெற்றுப் பக்கமலைக் காட்டோரம் இருளர் முதியவர் ஒருவரோடு நடத்தல்.

மாணவர் கைப்பதிவேட்டில் நான்கு வினாக்கள் இருத்தல் வேண்டும். யாருடைய இடர் இது? தீர்வு கண்டவர் யார்? வேறு யார்க்குப் பயன்படும்? பயன் விளைந்தால் கண்டவர்க்கு என்ன கிடைக்கும்? நான்காம் வினாவுக்கு விடையெழுதாதவர்க்குத் தேர்ச்சி இல்லை.

ஒழுங்குமுறைகளும் இன்றியமையாதன. வழிகாட்டுவோர்க்குச் சிறப்புச் சொற்பொழிவாளர்க்குரிய மதிப்பூதியமே வழங்கல் வேண்டும். அவர் இசைந்தாலன்றி மறைபொருள் எதனையும் எழுதலாகாது. இசைந்தால் பெயரையும் ஊரையும் முதலில் எழுதுக. பாம்பைத் தொட முயலுதல் கூடாது. இறுதி அறிக்கையைக் கல்லூரியில் ஒப்படைக்கும் முன், ஊர்மன்றில் தமிழில் படித்துக் காட்டுக. தவறென அவர்கள் கூறுவதைத் திருத்துக.

முடிவுரை

இஃது உல்லாசப் பயணமாகிவிடும் என ஐயுறுவோர் உண்டு. மேற்கூறிய நான்காம் வினாவும் ஊர்மன்ற வாசிப்புமே அதற்குக் காவல். நம் மாணவருள் பலர் இத்தகைய சிற்றூர்களினின்றே வருகின்றனர்; கற்றற்குரியது எதுவும் தம் ஊரில் இல்லை என்னும் எண்ணத்தோடு வருகின்றனர். அவ்வெண்ணம் வேரூன்றிவிட்டால், முதியோர் பலர் அறிந்தவை கேட்பாரின்றி அவர்களோடு மறையும். ஆசிரியர்கள் வழியமைத்து, சமுதாயப் பெரியோர்கள் துணைநின்றால், வரும் கல்வியாண்டிலேயே ஒரு சிறு குழுவேனும் நடக்கத் தொடங்கலாம். பட்டம் பெற்று மேலாளராகும் மாணவர், தாம் கையாளும் ஒவ்வொரு புதுமைக்குப் பின்னும் பெயருடைய ஒரு மனிதர் உள்ளார் என்பதை அறிந்து செல்வாராயின், அதுவே இப்பாடத்தின் பயனாகும்.