சாலையும் சட்டமும்

சாலை ஊரார் அனைவர்க்கும் பொதுவான இடம். பள்ளிக்குச் செல்லும் சிறுவன், சந்தைக்குக் கூடை சுமக்கும் மூதாட்டி, நோயாளியை ஏற்றிக்கொண்டு விரையும் ஊர்தி ஆகிய எல்லார்க்கும் அது உரியது. ஆதலின், அங்குப் பிறர்நலம் கருதியே நடத்தல் வேண்டும். இதனை மறந்து, சாலையைப் பந்தயக் களமாக்கும் இளைஞரும் உளர். சென்னையில் காமராசர் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இரவு வேளைகளில் இருசக்கர வண்டிப் பந்தயங்கள் நடந்ததும், காவலர் வண்டிகளைக் கைப்பற்றியதும் பன்முறை செய்தியாயின.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். 120 கிலோமீட்டர் வேகத்திலோ 33 மீட்டர் கடக்கும். வேகம் இருமடங்கானால், தடையை அழுத்தியபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தொலைவு ஏறக்குறைய நான்கு மடங்காகும். குறுக்கே வருபவர் கண்டு விலகக் காலம் ஏது? பந்தயம் ஓட்டுபவன் இடரை அறிந்தே ஏற்கிறான்; சாலையைக் கடப்பவரோ அதனை ஏற்றாரல்லர். இக்குற்றத்தின் கொடுமை இதுவேயாகும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்து வடிவ இசைவின்றிப் பொதுவிடத்தில் வண்டிப் பந்தயம் நடத்துவதையும் அதில் கலந்துகொள்வதையும் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் குற்றத்திற்கு 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். மீண்டும் செய்தால், ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோரோ காப்பாளரோ வண்டியின் உரிமையாளரோ பொறுப்பேற்க நேரிடும். பிள்ளையின் பிழை குடும்பத்தையே வருத்தும் என்பதை இவ்விதி உணர்த்துகிறது.

சட்டம் செயற்படும்போது, சாலையோரத்தில் வாழ்வோர் அச்சமின்றி உறங்குவர். ஆயினும், காவலர் வைக்கும் தடுப்புகளும் சோதனைகளும் இரவுப்பணி முடித்து வீடு திரும்பும் எளியோரையும் நிறுத்துகின்றன. சிலர் செய்யும் குற்றத்திற்குப் பலர் தம் பொழுதை இழக்கின்றனர்.

தண்டனை ஒன்றே மனத்தைத் திருத்திவிடாது. 2022ஆம் ஆண்டில், வண்டியைப் பொறுப்பின்றி ஓட்டிய இளைஞர் ஒருவருக்குப் பிணை வழங்கிய சென்னை உயர்நீதிமன்றம், அரசு மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் அவர் தொண்டு செய்யவேண்டும் என்று விதித்தது. முறிந்த காலையும் கலங்கிய தாயையும் நேரிற் காண்பவன் உள்ளத்தில் பதியும் பாடத்தை எந்தத் தண்டமும் கற்பியாது.

வேகத்தில் ஆர்வம் கொள்ளுதல் குற்றமன்று. அதற்கு உரிய இடம் வேண்டும். முன்னாளில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடைபெற்றன. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே தனிக்களம் அமைந்தது. அங்குத் தலைக்கவசமும், மருத்துவரும், ஒழுங்குமுறையும் உண்டு. குறுக்கே வரும் குழந்தை இல்லை. களத்தில் வென்றவன் வீரன். சாலையில் பிறர்க்கு வழிவிட்டவனும் வீரனே.